ஜெனரேட்டரும் இட்டரேட்டரும்: ஞாயிறு வகுப்பில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள்

சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிக் கொட்டகையில் ஞாயிறு காலையில் பைத்தான் என்ற கணினி மொழி சொல்லித் தருகிறேன். பாலிடெக்னிக் பிள்ளைகள், துணிக்கடையில் கணக்கு பார்க்கும் ஒரு பெண், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா என்று கலந்த கூட்டம். வரிசையில் உள்ளதை ஒவ்வொன்றாக எடுத்து அதே வேலையைச் செய்யும் ஃபார் லூப் வரை எல்லாரும் மளமளவென்று வந்துவிடுவார்கள். மதிப்புகளைக் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தரும் ஜெனரேட்டரும், அதை எழுத உதவும் யீல்ட் என்ற சொல்லும் வந்ததும் கை தூக்க ஆரம்பிப்பார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் அதே சந்தேகங்கள் வருவதால், கேட்டவர்கள் வாயில் வந்தபடியே அவற்றை எழுதிப் பதில் போட்டிருக்கிறேன்.

கோடில் வரும் பைத்தான் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கீபோர்டில் தட்டும்போது டெஃப், யீல்ட், ஃபார் போன்றவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். வேரியபிள், ஃபங்ஷன் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.

ஃபார் லூப் எழுதினா ஓடுதுக்கா. உள்ள இன்னா நடக்குதுன்னு எதுக்குத் தெரிஞ்சிக்கணும்?

ஓடும் வரைக்கும் தேவையில்லை. ஒருநாள் இரண்டாவது லூப் எதையுமே பிரிண்ட் செய்யாமல், எரரும் காட்டாமல் கமுக்கமாக முடிந்துவிடும். அன்றைக்குத் தேவைப்படும்.

உள்ளே நடப்பது மூன்றே வேலைகள். நீங்கள் கொடுத்த பொருளிடம் 'இட்டர்' என்று கேட்டு, வரிசையாக எடுத்துத் தரும் ஓர் ஆளை வாங்குகிறது. அந்த ஆளிடம் 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்' என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. இனி இல்லை என்று அந்த ஆள் 'ஸ்டாப் இட்டரேஷன்' எழுப்பினால், லூப் அதைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் முடித்துவிடுகிறது. இந்தப் பக்கத்தில் வரப்போகும் அத்தனை குழப்பங்களுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. கேட்பது யார், எப்போது கேட்கிறார் என்று மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

இட்டரபிள், இட்டரேட்டர்னு ரெண்டு சொல்றீங்களே, ரெண்டும் ஒண்ணு தானே?

இல்லை. சென்னை கடற்கரை ஸ்டேஷனிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் லோக்கல் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று போகும் அந்தத் தடம்தான் இட்டரபிள். அது எங்கேயும் நகராது. அதில் ஓடும் வண்டிதான் இட்டரேட்டர். இப்போது எந்த ஸ்டேஷனில் நிற்கிறோம் என்பது வண்டிக்குத்தான் தெரியும், தடத்துக்குத் தெரியாது.

ஒரே தடத்தில் ஒரே நேரத்தில் நான்கு வண்டிகள் வெவ்வேறு இடத்தில் நிற்கலாம். அதுபோல, பல மதிப்புகளை வரிசையாக வைத்திருக்கும் ஒரே லிஸ்ட் மேல் லூப்புக்குள் லூப் போட்டாலும் குழம்பாது, ஏனென்றால் ஒவ்வொரு லூப்பும் தனக்கென்று புது வண்டி வாங்குகிறது. நம் வண்டி ஒரு திசையில் மட்டும்தான் போகும், ரிவர்ஸ் கிடையாது. இட்டரேட்டரிடம் போய் மறுபடி 'இட்டர்' கேட்டால் புது வண்டி தராது, தன்னையே திருப்பிக் கொடுக்கும். இதை நன்றாக மனதில் வையுங்கள். பின்னால் பெரிய கேள்வி ஒன்று இதில்தான் வந்து நிற்கும்.

நெக்ஸ்ட் போட்டுப் பார்த்தேன், ஸ்டாப் இட்டரேஷன்னு செவப்பா வந்துச்சு. நான் ஏதாவது உடைச்சிட்டேனா?

எதுவும் உடையவில்லை. கடைசி ஸ்டேஷன் வந்துவிட்டது என்ற அறிவிப்பு அது. ஃபார் லூப் இருந்தால் அது பிடித்துக்கொள்ளும். நீங்கள் கையால் கேட்டதால் உங்களிடம் வந்தது. வேண்டாமென்றால் நெக்ஸ்டுக்கு இரண்டாவதாக ஒரு மதிப்பு கொடுங்கள். தீர்ந்துபோனால் எரருக்குப் பதில் அந்த மதிப்பு வரும்.

யீல்டும் ரிட்டர்ன் மாதிரி தானே ஏதோ ஒண்ண வெளிய அனுப்புது? இன்னா வித்தியாசம்?

ரிட்டர்ன் செய்த ஃபங்ஷன் செத்துவிடும். அதன் வேரியபிள்கள் போய்விடும், அடுத்த முறை கூப்பிட்டால் முதல் வரியிலிருந்து தொடங்கும். யீல்ட் செய்த ஃபங்ஷன் அதே வரியில், வேரியபிள்களோடு நிற்கும். அடுத்து யாராவது 'நெக்ஸ்ட்' கேட்டால் நின்ற இடத்திலிருந்தே தொடர்ந்து ஓடும்.

```
டெஃப் வண்டி():
    யீல்ட் "கடற்கரை"
    யீல்ட் "ராயபுரம்"
    யீல்ட் "வண்ணாரப்பேட்டை"
    யீல்ட் "கொருக்குப்பேட்டை"
    யீல்ட் "தண்டையார்பேட்டை"

வ = வண்டி()
பிரிண்ட்(நெக்ஸ்ட்(வ))
பிரிண்ட்(நெக்ஸ்ட்(வ))
```

முதலில் கடற்கரை, அடுத்து ராயபுரம் வரும். பிறகு ஃபங்ஷன் ராயபுரத்திலேயே நின்றுகொண்டிருக்கும், நீங்கள் டீ குடித்துவிட்டு வந்தாலும். ஒரு ஃபங்ஷனின் உள்ளே எங்காவது ஒரு யீல்ட் இருந்தால் போதும், அது ஜெனரேட்டர் ஃபங்ஷன் ஆகிவிடும். அது கொடுக்கும் ஜெனரேட்டரும் ஓர் இட்டரேட்டர்தான். இட்டர், நெக்ஸ்ட் இரண்டையும் நாம் எழுத வேண்டாம், பைத்தானே செய்து தருகிறது.

ஃபங்ஷனைக் கூப்பிட்டேன், உள்ள இருக்கிற பிரிண்ட் கூட வரலயேக்கா!

வராது. வண்டி() என்று கூப்பிட்டதும் கிடைப்பது ஓடாத வண்டி. ஒரு வரிகூட உள்ளே நடந்திருக்காது. முதல் நெக்ஸ்ட் வந்த பிறகுதான் முதல் வரி ஓடும்.

இதில் ஒரு பக்கவிளைவு உண்டு. 'எண்ணிக்கை மைனஸில் இருந்தால் எரர் கொடு' என்று ஜெனரேட்டரின் முதல் வரியில் சரிபார்த்தால், தப்பான மதிப்பைக் கொடுத்த இடத்தில் எரர் வராது. எங்கோ தள்ளி, லூப் தொடங்கும் இடத்தில் வெடிக்கும். உடனே தெரிய வேண்டுமானால் இரண்டாகப் பிரியுங்கள். வெளியே சாதாரண ஃபங்ஷன் சரிபார்க்கட்டும்; யீல்ட் உள்ள ஃபங்ஷனை அது கூப்பிட்டு ரிட்டர்ன் செய்யட்டும்.

ஏம்மா, லிஸ்ட்டே நல்லாத்தானே இருக்கு. இது எதுக்கு?

ஐயா, தண்ணீர் லாரி வந்தால் என்ன செய்வோம்? இருக்கிற குடம், பக்கெட், அண்டா எல்லாவற்றிலும் ஒரேயடியாகப் பிடித்து வைப்போம். நடை முழுக்கக் குடமாக நிற்கும். லிஸ்ட் அப்படி. கைப்பம்பு இருந்தால் ஒரு குடம் வேண்டும்போது ஒரு குடம் அடிப்போம். ஜெனரேட்டர் அப்படி. அடித்தால்தான் வரும், வீட்டில் இடமும் அடைக்காது.

கணக்காகச் சொன்னால், 64 பிட் கணினியில் சாதாரண பைத்தான் லிஸ்ட் ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு சுட்டி வைக்கிறது, அது 8 பைட். சிறிய முழு எண் ஒன்று தனியாக 28 பைட். 10 லட்சம் எண்களுக்கு மொத்தம் 3.6 கோடி பைட், அதாவது சுமார் 36 எம்பி. 10 கோடி எண்கள் என்றால் 3.6 ஜிபி. நம் பிள்ளைகள் வைத்திருக்கும் 4 ஜிபி லேப்டாப் அங்கேயே திணறி நின்றுவிடும். எத்தனை கோடி எண்களைத் தர இருந்தாலும் ஜெனரேட்டர் பிடிக்கும் இடம் சில நூறு பைட்தான், ஏனென்றால் அது எண்களை வைத்திருப்பதில்லை. அடுத்ததை எப்படி உண்டாக்குவது என்பதை மட்டும் வைத்திருக்கிறது. முடிவே இல்லாத வரிசையையும் அதனால்தான் ஜெனரேட்டரில் எழுத முடிகிறது.

அப்ப வேகமாவும் ஓடுமா?

அப்படிச் சொல்ல முடியாது. சின்ன வரிசையில் லிஸ்ட்டே கொஞ்சம் முந்தும், ஏனென்றால் ஒவ்வொரு நெக்ஸ்டுக்கும் நின்று புறப்படும் செலவு ஜெனரேட்டருக்கு உண்டு. எல்லாவற்றையும் பார்க்காமல் நடுவில் நிறுத்தும் வேலையில்தான் ஜெனரேட்டர் ஜெயிக்கும். ஒன்றாவது உண்மையா என்று பார்க்கும் 'எனி', எல்லாமே உண்மையா என்று பார்க்கும் 'ஆல்' இரண்டும் பதில் தெரிந்ததும் நின்றுவிடும், மீதி உருவாகவே உருவாகாது. வரிசைப்படுத்தும் 'சார்ட்டட்' எப்படியும் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஆக வேண்டும். சரங்களை ஒட்டும் 'ஜாயின்' கூட உள்ளே ஒரு லிஸ்ட் ஆக்கிக்கொண்டுதான் ஒட்டுகிறது. அங்கே ஜெனரேட்டர் கொடுத்து மெமரி மிச்சம் என்று நினைக்க வேண்டாம்.

முதல் லூப் சரியா வருது. அதே ஜெனரேட்டரை ரெண்டாவது தடவை ஓட்டினா காலியா வருது. ஏன்?

இதுதான் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி. எனக்கே அடி விழுந்த இடமும் இதுதான். வார நாட்களில் நான் மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கேட்டில் நுழையும் டிரெய்லர்களின் பதிவு ஃபைலை ஒரு ஜெனரேட்டரால் படித்து, முதலில் எத்தனை வண்டி என்று எண்ணினேன், பிறகு மொத்த எடையைக் கூட்டினேன். எண்ணிக்கை சரியாக வந்தது. எடை 0 என்று வந்தது. எரர் எதுவும் இல்லை. காலி வரிசையின் கூட்டுத்தொகை 0 என்பது பைத்தானுக்குச் சரியான விடைதானே? அந்த அறிக்கை மேலே போய்விட்டது, ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தது.

நடந்தது இதுதான். எண்ணும்போதே வண்டி கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டாவது லூப் 'இட்டர்' கேட்டபோது, இரண்டாம் கேள்விக்கான பதிலில் சொன்னபடி, அது தன்னையே கொடுத்தது. கடைசி ஸ்டேஷனில் நிற்கும் வண்டியில் ஏறி அடுத்த ஸ்டேஷன் கேட்டால் இல்லை என்றுதானே வரும்?

வழிகள் உண்டு. வரிசை சிறியது என்றால் லிஸ்ட் ஆக்கிவிடுங்கள். பெரியது என்றால் ஃபங்ஷனை மறுபடி கூப்பிட்டுப் புது ஜெனரேட்டர் வாங்குங்கள். ஒரே சுற்றில் இரண்டு வேலையையும் முடிக்க முடிந்தால் இன்னும் நல்லது. நான் கடைசியில் அதைத்தான் செய்தேன், ஒரே லூப்பில் எண்ணிக்கையும் எடையும். அடிக்கடி தேவைப்படும் என்றால் ஒரு கிளாஸ் எழுதி, அதன் இட்டர் மெத்தடுக்குள் யீல்ட் போடுங்கள். அப்போது கிளாஸ் தடம் ஆகிவிடும், ஒவ்வொரு லூப்புக்கும் புது வண்டி புறப்படும்.

அப்ப ரேஞ்ச் மட்டும் எப்படி ரெண்டு தடவை ஓடுது? அதுவும் மெமரி பிடிக்காது தானே?

0, 1, 2 என்று எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்ச், ஜெனரேட்டர் இல்லை, இட்டரேட்டரும் இல்லை. தொடக்கம், முடிவு, படி ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கணக்குப் போட்டுச் சொல்லும் தடம் அது. அதனால் அதற்கு நீளம் உண்டு, ஏழாவது எது என்று நேராகக் கேட்கலாம்.

மேப், ஃபில்டர், இரண்டு வரிசைகளை ஜோடி சேர்க்கும் ஜிப், எனுமரேட் எல்லாம் ஒருமுறை ஓடும் வண்டிகள். பைத்தான் 2இல் மேப், ஃபில்டர், ஜிப் மூன்றும் லிஸ்ட் தந்தன. 2008இல் வந்த பைத்தான் 3.0இல் மாற்றினார்கள். பழைய பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதுபவர்கள் இங்கே வழுக்குவார்கள். திறந்த ஃபைலும் ஒருமுறை வண்டிதான். அதற்கு மட்டும் 'சீக்' சொல்லி ஆரம்பத்துக்குக் கொண்டுவர முடியும்.

லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன்ல சதுர அடைப்புக்குப் பதிலா வட்ட அடைப்பு போட்டா டியூப்பிள் வருமா?

ஒரே வரியில் லூப் எழுதி லிஸ்ட் கட்டுவதுதான் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன். அதில் வட்ட அடைப்பு போட்டால் டியூப்பிள், அதாவது மாற்ற முடியாத லிஸ்ட் மாதிரியானது, வராது, ஜெனரேட்டர் வரும். டியூப்பிள் வேண்டுமானால் டியூப்பிள் என்றே கூப்பிட வேண்டும். 2004இல் பைத்தான் 2.4இல் வந்த வசதி இது. சம், மேக்ஸ் போன்றவற்றுக்கு ஒரே உருப்படியாகக் கொடுக்கும்போது கூடுதல் அடைப்பே வேண்டாம்.

லென் கேட்டா எரர், மூணாவது எதுன்னு கேட்டாலும் எரர். இன்னாதான் செய்யும் இது?

அடுத்தது எது என்ற ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லும். எத்தனை வரும் என்று அதற்கே தெரியாது, வராமலே முடியலாம், முடியாமலே வரலாம். முதல் ஐந்து மட்டும் வேண்டுமென்றால் 'இட்டர்டூல்ஸ்' தொகுப்பில் உள்ள 'ஐஸ்லைஸ்' போதும்.

ஒரு ஸ்டேஷன் இருக்கான்னு 'இன்' போட்டு மட்டும்தான் பார்த்தேன். அப்புறம் பாதியக் காணோம்.

பார்த்ததாக நீங்கள் நினைத்தீர்கள், வண்டியோ ஓடியது. 'கொருக்குப்பேட்டை இருக்கா' என்று மேலே எழுதிய வண்டியிடம் கேட்டால், அது கடற்கரையிலிருந்து ஒவ்வொன்றாக நெக்ஸ்ட் கேட்டுக்கொண்டே போய், கொருக்குப்பேட்டை கிடைத்ததும் நிற்கும். அடுத்து வருவது தண்டையார்பேட்டை. இல்லாத ஊரைக் கேட்டால் முழு வரிசையும் தீர்ந்துபோகும். முடிவில்லாத ஜெனரேட்டரிடம் இல்லாததைக் கேட்டால் புரோகிராம் திரும்பியே வராது.

ஒரு ஜெனரேட்டரை இன்னொண்ணுக்குள்ள விட்டா, முதல்ல இது முழுசா முடிஞ்சிட்டுத் தானே அடுத்தது ஓடும்?

இல்லவே இல்லை, எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். யார்டு ஃபைலையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரியிலும் முதலில் கன்டெய்னர் எண், காற்புள்ளிக்குப் பிறகு பெட்டியின் நீளம் அடியில். கன்டெய்னர் எண் என்பது 4 எழுத்தும் 7 இலக்கமும், கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. ஸ்ட்ரிப் வரியின் ஓரத்து வெற்றிடத்தை நீக்கும், ஸ்ப்ளிட் காற்புள்ளியில் வெட்டும்.

```
வரிகள் = (வ.ஸ்ட்ரிப்() ஃபார் வ இன் ஃபைல்)
பெட்டிகள் = (வ.ஸ்ப்ளிட்(",") ஃபார் வ இன் வரிகள்)
சரியானவை = (ப ஃபார் ப இன் பெட்டிகள் இஃப் லென்(ப[0]) == 11)
பெரியவை = (ப ஃபார் ப இன் சரியானவை இஃப் ப[1] == "40")
```

நான்கு வரிகள் முடிந்த பிறகும் ஃபைலிலிருந்து ஒரு வரிகூடப் படிக்கப்படவில்லை. பெரியவையிடம் ஒரு நெக்ஸ்ட் கேட்டதும் அது சரியானவையிடம் கேட்கும், அது பெட்டிகளிடம், அது வரிகளிடம், அது ஃபைலிடம். ஒரே ஒரு வரி மேலிருந்து கீழே இறங்கும். அது 40 அடிப் பெட்டி இல்லையென்றால், பெரியவை மறுபடி மேலே கேட்கும். இழுப்பது எப்போதும் கடைசியில் நிற்பவர்தான். ஃபைல் எத்தனை ஜிபி ஆனாலும் ஒரு நேரத்தில் மெமரியில் இருப்பது ஏறக்குறைய ஒரு வரியும், ஃபைல் முன்கூட்டிப் படித்து வைக்கும் சிறு பகுதியும்தான்.

நம்பிக்கை வராதவர்கள் ஒவ்வொரு கட்டத்தையும் யீல்ட் உள்ள ஃபங்ஷனாக மாற்றி, உள்ளே ஒரு பிரிண்ட் போட்டு ஓட்டிப் பாருங்கள். நான்கு கட்டங்களின் பெயர்களும் மாறி மாறி வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் ஜெனரேட்டர் பாதி புரிந்தது.

ஃபைல் மூடியாச்சுன்னு எரர் வருது. நான் மூடவே இல்லையே?

வேலை முடிந்ததும் ஃபைலைத் தானே மூடிவிடும் 'வித்' மூடியது. வித்துக்குள் மேலே உள்ள வரிகளை எழுதி, பெரியவையை ரிட்டர்ன் செய்திருப்பீர்கள். ஃபங்ஷனை விட்டு வெளியே வரும்போதே வித் ஃபைலை மூடிவிட்டது. இழுப்பவர் அதன்பிறகு வந்து கேட்கிறார், ஆனால் ஊற்று அடைபட்டுவிட்டது. வித்தையும் யீல்டையும் ஒரே ஜெனரேட்டர் ஃபங்ஷனுக்குள் வையுங்கள். நின்றுகொண்டிருக்கும் வரை ஃபைலும் திறந்திருக்கும். பாதியில் விட்டுவிடப் போகிறீர்கள் என்றால் ஜெனரேட்டரின் 'க்ளோஸ்' மெத்தடைக் கூப்பிடுங்கள், நின்ற இடத்திலிருந்து வித் ஒழுங்காக மூடிக்கொள்ளும்.

லூப் ஓடும்போதே லிஸ்ட்ல இருந்து அழிச்சேன். சிலது தப்பிச்சிடுதே?

[2, 4, 5, 6] லிஸ்ட்டில் இரட்டை எண்களை அழித்தால் மிஞ்சுவது [4, 5]. லிஸ்ட்டின் வண்டி 'நான் எத்தனையாவது இடத்தில் இருக்கிறேன்' என்பதை மட்டும்தான் வைத்திருக்கிறது. 2 போனதும் 4 முதலிடத்துக்கு நகர்ந்தது, வண்டியோ இரண்டாம் இடத்துக்குப் போய் 5ஐப் பார்த்தது. புது லிஸ்ட் கட்டிக்கொள்வதே நல்லது. டிக்ஷனரி இந்த விஷயத்தில் கறார். நடுவில் அளவு மாறினால் ரன்டைம் எரர் கொடுத்துவிடும்.

யீல்ட் ஃப்ரம் எதுக்கு? லூப் போட்டு யீல்ட் பண்ணா ஆகாதா?

இன்னொரு ஜெனரேட்டர் தருவதையெல்லாம் அப்படியே வெளியே அனுப்புவதுதான் யீல்ட் ஃப்ரம். மதிப்புகளை மட்டும் கடத்துவதற்கு லூப்பே ஆகும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று தன்னையே கூப்பிடும் ஃபங்ஷனில் யீல்ட் ஃப்ரம் வரியைக் குறைக்கும். அதோடு, உள்ளே இருக்கும் ஜெனரேட்டர் கடைசியில் ரிட்டர்ன் செய்யும் மதிப்பையும், வெளியிலிருந்து அனுப்பும் மதிப்பையும் சரியாகக் கடத்தும். 2012இல் பைத்தான் 3.3இல் வந்தது.

வெளியிலிருந்து அனுப்புறதா? உள்ளயிருந்து வெளிய தானே வரும்?

2006இல் பைத்தான் 2.5 முதல் இரு பக்கமும் போகும். ஜெனரேட்டரின் 'செண்ட்' மெத்தடில் கொடுக்கும் மதிப்பு, அது நின்றிருந்த யீல்டின் விடையாக உள்ளே வரும். புதிதாகப் பிறந்த ஜெனரேட்டருக்கு நேராக ஒரு மதிப்பை செண்ட் செய்தால் டைப் எரர்; அது இன்னும் எந்த யீல்டிலும் வந்து நிற்கவில்லையே. முதலில் ஒரு நெக்ஸ்ட் கொடுத்து நிறுத்த வேண்டும். வழக்கமான வேலைக்கு இது தேவைப்படாது. நின்று தொடரும் இந்தக் குணத்தின் மேல்தான், ஒரு வேலை காத்திருக்கும்போது வேறு வேலையைப் பார்க்க உதவும் 'அசிங்க்', 'அவெய்ட்' என்ற சொற்கள் பிறகு எழுந்தன.

இதெல்லாம் பைத்தான்காரங்க கண்டுபிடிச்சதா?

இல்லை. 1970களில் எம்ஐடியில் பார்பரா லிஸ்கோவும் அவர் குழுவும் உருவாக்கிய சிஎல்யூ மொழியில் இட்டரேட்டரும் யீல்டும் இருந்தன. அரிசோனா பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் கிரிஸ்வோல்ட் உருவாக்கிய ஐகான் மொழியில் ஜெனரேட்டர்கள் மையமாகவே இருந்தன. பைத்தானுக்கு 2001இல் 2.2 பதிப்பில் வந்தது. ஜாவாஸ்கிரிப்டுக்கு 2015இல் வந்தது. இங்கே புரிந்துகொண்டால் அங்கேயும் உதவும்.

ஜெனரேட்டருக்குள்ள நெக்ஸ்ட் போட்டேன். ரன்டைம் எரர்னு வேற ஏதோ வருது.

உள்ளே நீங்கள் கேட்ட வரிசை தீர்ந்து ஸ்டாப் இட்டரேஷன் எழும்பியிருக்கிறது. முன்பெல்லாம் அது வெளியே கசிந்து, உங்கள் ஜெனரேட்டரே முடிந்துவிட்டதாக லூப் எடுத்துக்கொள்ளும், பாதி டேட்டா சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். 2018இல் வந்த 3.7 முதல் அதை ரன்டைம் எரராக மாற்றிக் கத்துகிறது. கத்துவது நமக்கு நல்லதுதான். உள்ளே நெக்ஸ்ட் கேட்கும்போது இரண்டாவது மதிப்பு கொடுங்கள், அல்லது டிரை போட்டுப் பிடித்து ரிட்டர்ன் செய்யுங்கள்.

ஜிப் முடிஞ்ச பிறகு மிச்சத்தை எடுத்தா நடுவுல ஒரு ஸ்டேஷன் காணாம போயிடுது. சத்தியமா நான் எடுக்கல.

ஜிப் எடுத்தது. வண்டியையும் [1, 2] லிஸ்ட்டையும் இந்த வரிசையில் ஜிப் செய்தால், இரண்டு ஜோடிகளுக்குப் பிறகு ஜிப் முதலில் வண்டியிடம் கேட்டு வண்ணாரப்பேட்டையை வாங்கிவிடும். பிறகுதான் லிஸ்ட்டிடம் போய், அது தீர்ந்ததைப் பார்க்கும். கையில் வாங்கிய வண்ணாரப்பேட்டையைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. அடுத்த நெக்ஸ்டுக்கு வருவது கொருக்குப்பேட்டை. லிஸ்ட்டை முதலில் வைத்தால் இந்த இழப்பு இல்லை. இரண்டும் சம நீளமாகத்தான் இருக்க வேண்டும் என்றால் 3.10 முதல் உள்ள 'ஸ்ட்ரிக்ட்' போடுங்கள், நீளம் மாறினால் எரர் வரும்.

விலையைக் கீழ தான் மாத்தினேன். மேல எழுதின ஜெனரேட்டர் எப்படிப் புது விலையை எடுத்துக்கிச்சு?

காசிமேட்டில் மீன் எடுத்து விற்கும் தன் அம்மாவுக்காகக் கணக்கு எழுதிய பெண் கேட்டது. எடைகள் [2, 3], விலை 400. (எடை * விலை ஃபார் எடை இன் எடைகள்) என்று ஒரு ஜெனரேட்டர். அடுத்த வரியில் விலையை 500 ஆக்கினாள், பிறகு சம் போட்டாள். 2000 எதிர்பார்த்தாள், 2500 வந்தது.

பெருக்கல் நடந்தது சம் கேட்டபோதுதான், அந்த நேரத்தில் விலை 500. எடைகள் என்ற பெயர் மட்டும் வேறு. முதல் ஃபாரின் 'இன்' என்பதற்கு வலப்பக்கம் இருப்பதை ஜெனரேட்டர் எழுதிய அந்த நிமிடமே பைத்தான் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிறகு எடைகளுக்குப் புது லிஸ்ட் கொடுத்தாலும் அது பழைய லிஸ்ட்டைத்தான் பார்க்கும். ஆனால் அதே லிஸ்ட்டின் வாலில் ஒரு எடையைச் சேர்த்தால் அதுவும் கணக்கில் வரும். அன்றைய விலை அன்றைக்கே நிற்க வேண்டுமானால் விலையை ஓர் உள்ளீடாக வாங்கும் ஜெனரேட்டர் ஃபங்ஷன் எழுதச் சொன்னேன். கூப்பிடும்போதே 400 உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். மதியத்துக்குள் மாற்றி எழுதிவிட்டாள், 2000 வந்தது.